வெளுப்புத் தூளும் வீட்டுப் பாதுகாப்பும்

நூல் வெளுக்கும் நெசவாளர் வீட்டிலும், கிணற்று நீரைத் தூய்மை செய்யும் விவசாயி வீட்டிலும் ஒரே பொருளைக் காண்கிறோம். அதுவே பிளீச்சிங் பவுடர் எனப்படும் வெளுப்புத் தூள். நீச்சற் குளங்களில் இடும் குளோரின் மருந்துகளும் இதற்கு உறவானவையே. நன்மை மிகுந்த இப்பொருள், சேரத்தகாத பொருளுடன் சேருமாயின் உயிருக்கே ஊறு விளைவிக்கும். ஆகவே இதைக் கையாளும் முறையை அங்கத்தினர்களுக்கு எடுத்துரைக்க விரும்புகிறோம்.

முற்காலத்தில் ஐரோப்பாவில் துணியைப் புல்வெளியில் விரித்து, வாரக்கணக்கில் வெயில் காட்டி வெளுத்தனர். 1799-ஆம் ஆண்டில் ஸ்காத்லாந்துக்காரரான சார்லஸ் டென்னன்ட் வெளுப்புத் தூளுக்குக் காப்புரிமை பெற்றபின் அந்நிலை மாறலாயிற்று. நீற்றிய சுண்ணாம்பில் குளோரின் வாயுவை ஏற்றிச் செய்வதே இத்தூள். வெளுப்பதும் கிருமிகளைக் கொல்வதும் குளோரினின் ஆற்றலே. சுண்ணாம்பில் கட்டுண்ட அவ்வாயுவைத் திடீரென விடுவிக்கும் எதுவும் நமக்குப் பகையாகும்.

அப்பகைகளுள் முதலாவது திராவகம். நூலை வெளுத்தபின், எஞ்சிய சுண்ணாம்பை அகற்ற நீர்த்த திராவகத்தில் தோய்ப்பதுண்டு. அதற்குமுன் நூலை நல்ல நீரில் பலமுறை அலசுதல் இன்றியமையாதது. வெளுப்பு நீர் இருந்த தொட்டியைக் கழுவாமல் அதிலேயே திராவகத்தை ஊற்றினால் குளோரின் வாயு கிளம்பும். 1915-இல் பெல்ஜியத்தின் ஈப்பர் போர்முனையில் படைவீரர்களைக் கொன்றது இவ்வாயுவே. இது காற்றைவிட ஏறக்குறைய 2.5 மடங்கு கனமானது. தாழ்ந்த இடத்தில் தங்கும். குழித்தறி உள்ள அறையில் வெளுப்பு வேலை கூடாது என்று நாம் வற்புறுத்துவது இதனாலேயே. திறந்த வெளியே தக்க இடம். பட்டையும் கம்பளியையும் இத்தூளால் வெளுக்கலாகாது, இழை கெட்டுவிடும்.

இரண்டாவது பகை உரம். யூரியா, அம்மோனியம் சல்பேட் ஆகியவற்றுடன் இத்தூள் கலந்தால் நச்சு வாயுக்கள் உண்டாகும், வெடிக்கவும் கூடும். மூன்றாவது, எண்ணெயும் மண்ணெண்ணெயும். இவற்றுடன் சேர்ந்தால் தீப்பற்றலாம். ஆதலால் உரமூட்டைக்கும் விளக்கெண்ணெய்ப் புட்டிக்கும் அருகில் இதை வைக்க வேண்டாம். உரம் அளந்த படியால் இதை அளக்கவும் வேண்டாம்.

புதிய தூளில் நூற்றுக்கு 33 பங்கு அளவில் பயன்படும் குளோரின் இருக்கும். ஈரமும் வெயிலும் பட்டால் வலிமை குன்றும். மூடியுள்ள மண் ஜாடியிலோ பிளாஸ்டிக் பாத்திரத்திலோ இட்டு, பெயரெழுதி, குழந்தைகளுக்கு எட்டாத குளிர்ந்த, உலர்ந்த இடத்தில் வைக்கவும். தகரம் அரித்துப் போகும்.

கிணற்றுக்கு 1,000 லிட்டர் நீருக்கு 2.5 கிராம் நல்ல தூள் என்பது பொதுக் கணக்கு. 2 மீட்டர் குறுக்களவும் 3 மீட்டர் நீராழமும் உள்ள வட்டக் கிணற்றில் சுமார் 9,400 லிட்டர் நீர் இருக்கும். அதற்குச் சுமார் 24 கிராம் போதும். நீர் கலங்கி மாசுற்றிருப்பின் சுகாதார ஆய்வாளரைக் கேட்டு அளவை முடிவு செய்க. வாளியில் சிறிது நீர் எடுத்து, அதில் தூளை இட்டுக் குழைத்து, மேலும் நீர் சேர்த்துக் கலக்கிப் பத்து நிமிடம் தெளியவிடவும். தெளிந்த நீரை மட்டும் வேறு வாளியில் எடுத்துக் கிணற்றுக்குள் இறக்கிக் கலக்கவும். அடியில் தங்கிய சுண்ணாம்பை விலக்கவும். ஒரு மணி நேரமேனும் நீர் இறைக்கலாகாது. இரவில் செய்வது நலம்.

நீச்சற் குளத்திற்கென விற்கும் தூள்களில் சில இருமடங்கு வலிமையுடையவை. அவற்றுக்கு இக்கணக்குப் பொருந்தாது. வெவ்வேறு வகைகளை ஒன்றாகக் கலந்தால் வெடிக்கக்கூடும்.

தூள் கண்ணில் பட்டால் உடனே தூய நீரால் பதினைந்து நிமிடமேனும் விடாது கழுவி, மருத்துவரிடம் செல்க. எலுமிச்சைச் சாறோ புளிநீரோ இடவேண்டாம். வாயுவைச் சுவாசித்தவரைத் திறந்த வெளிக்குக் கொணர்ந்து, தாமதமின்றி மருத்துவமனை சேர்க்கவும். அவரைத் தூக்கச் செல்வோர் வாயு நிறைந்த அறைக்குள் கண்மூடிப் பாய்தல் ஆகாது.

சங்கக் கிடங்குகளிலும் உரம் ஓரறையிலும், இத்தூள் வேறோர் அறையிலும், திராவகம் பிறிதோரிடத்திலும் இருக்கவேண்டும். இதற்குச் செலவு அதிகமில்லை, கவனமே வேண்டுவது. அடுத்த முறை தூள் வாங்குமுன், அதைத் தனியே வைக்க இடம் ஒன்றை ஒவ்வோர் அங்கத்தினரும் தம் வீட்டில் ஒதுக்கிக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறோம்.