ஜீப்பிலிருந்து தெரியும் பூனைக் குடும்பம்

கென்யாவின் மசாய் மாராவில் பொழுது விடிந்ததுமே சஃபாரி ஜீப்புகளில் ரேடியோ கரகரக்கத் தொடங்கிவிடும். ஓட்டுநர்கள் பேசும் சுவாஹிலி புரியாதவர்களுக்கும் ‘சிம்பா’ என்றால் சிங்கம் என்று தெரியும். சற்று நேரத்தில் ஒரு புதரைச் சுற்றி ஏழெட்டு வண்டிகள். நடுவில் ராஜா வயிறு புடைக்க மல்லாந்து தூங்கிக்கொண்டிருப்பார். நாளில் 20 மணி நேரம் வரை படுத்தே கிடக்கும் பிராணி அது.

கூட்டமாக வாழ்வதாலும் யாருக்கும் அஞ்சி ஒளிய வேண்டியிராததாலும் சிங்கம் சுலபத்தில் கண்ணில் படும். சிறுத்தை அப்படியல்ல. அத்தி மரக் கிளையிலிருந்து தொங்கும் வாலைப் பார்த்துத்தான் பெரும்பாலும் அதைக் கண்டுபிடிக்கிறார்கள். சிறுத்தைக்காகவே போகிறவர்கள் தென்னாப்பிரிக்காவின் சாபி சாண்ட்ஸையோ ஜாம்பியாவின் தெற்கு லுவாங்வாவையோ தேர்ந்தெடுப்பது நல்லது.

சிவிங்கிப்புலி பகலில் வேட்டையாடும் என்பது பயணிகளுக்கு வசதி. அதற்கோ அதுவே வினை. கரையான் புற்றின் மேலேறி நோட்டம் விட்டு, பாய்ந்து ஓடி மானை வீழ்த்திய பிறகு, உடனே தின்னக்கூட முடியாமல் மூச்சிரைக்க உட்கார்ந்திருக்கும். அந்த நேரம் பார்த்து கழுதைப்புலி வந்தால் இரையை விட்டுவிட வேண்டியதுதான். போதாக்குறைக்கு நம் ஜீப்புகள் வேறு. மாராவில் வண்டிகள் மொய்க்கும் பகுதிகளில் தாய்கள் வளர்த்து ஆளாக்கும் குட்டிகள் மிகக் குறைவு என்று 2018-இல் வெளியான ஓர் ஆய்வு சொன்னது. தள்ளி நிறுத்தச் சொல்லி ஓட்டுநரிடம் கேட்பதில் தவறே இல்லை.

இந்த மூன்றோடு திரும்பிவிடுகிறவர்கள்தான் அதிகம். தான்சானியாவின் இங்கோரோங்கோரோ எரிமலைப் பள்ளத்தில் புல்வெளியைப் பொறுமையாகக் கவனித்தால் செர்வல் தென்படலாம். நெடிய கால்கள், தலைக்குப் பொருந்தாத பெரிய காதுகள். புல்லுக்கடியில் எலி நகரும் ஓசையைக் காதாலேயே அளந்து, அசையாமல் நிற்கும். திடீரென்று செங்குத்தாக எம்பி, முன்னங்கால்கள் இரண்டையும் சேர்த்து எலியின் மேல் இறங்கும். ஏறக்குறைய இரண்டு பாய்ச்சலுக்கு ஒன்று பலித்துவிடும். சிங்கத்துக்கு அந்தக் கொடுப்பினை இல்லை!

காது நுனியில் கறுப்புக் குஞ்சம் வைத்த கரகால், பறந்தெழும் பறவையை எகிறிப் பிடிக்கும். ஆப்பிரிக்கக் காட்டுப்பூனையோ நம் வீட்டுப் பூனையின் மூதாதை இனம். கால் மட்டும் கொஞ்சம் நீளம். இவற்றைப் பார்க்க இரவு சஃபாரி கைகொடுக்கும். மாரா தேசியக் காப்பகத்துக்குள் அதற்கு அனுமதியில்லை. ஒட்டியுள்ள மசாய் மக்களின் நிலங்களில் அமைந்த கன்சர்வன்சிகளில் உண்டு.

கருங்கால் பூனைக்கு மட்டும் தெற்கே, தென்னாப்பிரிக்காவின் கிம்பர்லி பக்கம் போக வேண்டும். ஆப்பிரிக்காவிலேயே சிறிய பூனை. எடை இரண்டரை கிலோவைத் தாண்டுவது அரிது. பகலெல்லாம் வளைக்குள் கிடந்துவிட்டு, ஒரே இரவில் எலியும் சிறு பறவையுமாகப் பத்துப் பன்னிரண்டைத் தீர்த்துக்கட்டிவிடும்.