பழைய லாரிக்குக் காய்ச்சல் வருவது ஏன்?

புரட்டாசி மாதம். குறுவை அறுவடை நடக்கிறது. நெல் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு ஒரு பழைய லாரி கொள்முதல் நிலையத்துக்குப் புறப்படுகிறது. வழியில் நீடாமங்கலம் ரயில்வே கேட் மூடியிருக்கிறது. எஞ்சினை நிறுத்தாமல் ஓட்டுநர் காத்திருக்கிறார். திடீரென முன்புறத்திலிருந்து 'புஸ்' என்று ஆவி கிளம்புகிறது! வானமோ இருட்டிக்கொண்டு வருகிறது. நெல் நனைந்து ஈரப்பதம் 17 சதவீத வரம்பைத் தாண்டினால் விற்பது கடினம். இந்த நிலையில் நீங்கள் அங்கே இருந்தால் கோளாறு எங்கே என்று கண்டுபிடிப்பீர்களா? முயன்று பார்ப்போம்.

எஞ்சினுக்குள் எரிபொருள் எரியும்போது வெப்பநிலை ஏறத்தாழ 2,000 டிகிரி செல்சியஸ் வரை உயர்கிறது. வார்ப்பிரும்பு சுமார் 1,200 டிகிரியிலேயே உருகிவிடும். அப்படியானால் எஞ்சின் ஏன் உருகுவதில்லை? அதைச் சுற்றி ஓடும் தண்ணீர்தான் காரணம். எரிபொருள் தரும் வெப்பத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்கை அது அள்ளிச் செல்கிறது.

வயல்களில் டீசல் பம்புசெட்டைப் பார்த்திருப்பீர்கள். அது இறைக்கும் நீரில் ஒரு பகுதியையே எஞ்சினைச் சுற்றி ஓடவிட்டு வெளியேற்றுவது உண்டு. லாரி கிணற்றைக் கூடவே தூக்கிச் செல்ல முடியாதல்லவா? எனவே அதே தண்ணீர் திரும்பத் திரும்பச் சுற்றுகிறது. வாட்டர் பம்ப் அதைத் தள்ளுகிறது. ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களில் இறங்கும்போது அது தன் வெப்பத்தைக் காற்றுக்குக் கொடுக்கிறது. 2014 வரை தயாரான அம்பாசடர் காரிலும் இதே ஏற்பாடுதான்.

ஆகவே கோளாறு இரண்டு பக்கங்களில் இருக்கலாம்: ஒன்று காற்று, மற்றது தண்ணீர். எது என்று அறிய, 'எப்போது சூடாகிறது?' என்று கேளுங்கள்.

நிற்கும்போது மட்டும் சூடாகிறதா? ஓடும் வண்டிக்கு எதிர்க்காற்று கிடைக்கிறது. நிற்கும் வண்டிக்கு விசிறி ஒன்றே துணை. எனவே முதலில் விசிறி பெல்ட்டைச் சந்தேகியுங்கள். அது தளர்ந்து வழுக்கினால் விசிறி மெதுவாகச் சுற்றும். பல பழைய எஞ்சின்களில் அதே பெல்ட்தான் வாட்டர் பம்பையும் சுழற்றுகிறது. நம் லாரியின் கோளாறு இதுவாக இருக்கலாம்.

பாரத்துடன் வேகமாகப் போகும்போது சூடாகிறதா? அப்போது காற்றுக்குக் குறைவில்லை. ஆனால் ரேடியேட்டரின் முன்புறத்தைப் பாருங்கள். அறுவடைக் காலத்தில் வைக்கோல் தூசும் பதரும் அதன் இடுக்குகளை அடைத்துவிடும். அங்கே சுத்தமாக இருந்தால் குழாயின் உட்புறம் அடைத்திருக்கலாம். கடினநீரைச் சூடாக்கினால் கால்சியம் பைகார்பனேட் சிதைந்து, கால்சியம் கார்பனேட்டாகப் படியும். வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் படியும் வெள்ளை உப்பு அதுதான். அது வெப்பத்தை இரும்பைவிடப் பல மடங்கு குறைவாகவே கடத்துகிறது. நாகப்பட்டினம், வேதாரண்யம் போன்ற கடலோரப் பகுதிகளில் நிலத்தடி நீர் பல இடங்களில் உவர்ப்பானது. வாய்க்கால் நீரிலோ வண்டல் கலந்திருக்கும். இரண்டுமே ரேடியேட்டருக்கு ஆகாதவை.

புறப்பட்ட சில நிமிடங்களிலேயே கொதிக்கிறதா? எஞ்சின் கொதிக்க, ரேடியேட்டர் மட்டும் குளிர்ந்திருந்தால் தெர்மோஸ்டாட் என்ற வெப்பக் கதவு திறக்காமல் சிக்கியிருக்கலாம். சுமார் 80 டிகிரியில் அது திறந்து தண்ணீரை ரேடியேட்டருக்கு விடவேண்டும்.

வெளியே ஒழுக்கே இல்லாமல் தண்ணீர் குறைகிறதா? ரேடியேட்டரில் குமிழிகள் விடாமல் வருகின்றனவா? அப்படியானால் எஞ்சின் தலைப்பகுதியின் கேஸ்கெட் பழுதாகி, எரிந்த வாயு தண்ணீருக்குள் புகுகிறது என்று ஊகிக்கலாம்.

கடைசியாக, ரேடியேட்டர் மூடி. அது வெறும் மூடியன்று. சதுர அங்குலத்துக்கு 7 பவுண்டு அழுத்தத்தை அது தாங்கினால், தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காது. சுமார் 111 டிகிரியில்தான் கொதிக்கும். மூடியின் ஸ்பிரிங் தளர்ந்தால் இந்தப் பாதுகாப்பு போய்விடும்.

இதிலேயே ஓர் ஆபத்தும் இருக்கிறது. சூடான எஞ்சினின் மூடியை ஒருபோதும் திறக்காதீர்கள். அழுத்தம் சட்டென்று குறைந்ததும், 100 டிகிரிக்கு மேல் சூடேறியிருந்த தண்ணீர் ஒரே நொடியில் கொதித்துப் பீறிட்டு முகத்தையும் கைகளையும் வேகவைத்துவிடும். சூடான எஞ்சினில் பச்சைத் தண்ணீரை ஊற்றுவதும் தவறு. ஒரு பகுதி மட்டும் திடீரெனச் சுருங்குவதால் இரும்பு விரிசல் விடலாம். எஞ்சினை நிறுத்திவிட்டு நன்றாக ஆறும்வரை பொறுத்திருப்பதே சரி. மழை வரும்போல் இருந்தால் அதற்குள் மூட்டைகளைத் தார்ப்பாயால் மூடிவிடலாமே!

நீங்களே ஒரு சோதனை செய்து பாருங்கள். சுத்தமான கண்ணாடித் துண்டில் உங்கள் ஊர்க் கிணற்று நீர் ஒரு சொட்டு, மழைநீர் ஒரு சொட்டு வைத்து உலரவிடுங்கள். எந்தச் சொட்டு வெள்ளை வளையத்தை விட்டுச் செல்கிறது? உங்கள் ஊர் லாரிகளுக்கு எந்தத் தண்ணீர் நல்லது என்பதை அந்த வளையமே சொல்லிவிடும்.