பழைய வானொலிக்கு ஒரு பின்வாசல்

மாதத்தில் ஒருமுறை என் தந்தையாரை நாவலப்பிட்டியிலிருந்து கண்டிக்குக் கண் வைத்தியரிடம் அழைத்துச் செல்கிறேன். ஏறக்குறைய 40 கிலோமீற்றர்ப் பிரயாணம். உலப்பனை, கம்பளை, கெலிஓயா, பேராதனை என்று மகாவலி கங்கையைக் கண்ணுக்கு எட்டியும் எட்டாமலும் வைத்துக்கொண்டு செல்லும் பாதை அது. வண்டி 1993 ஆம் ஆண்டின் டொயோட்டா கொரொல்லா. ஜப்பானில் யாரோ ஒருவர் ஓட்டிக் கழித்துவிட, கப்பலேறிக் கொழும்பு வந்து, இங்கும் இருவர் கைமாறி என்னிடம் சேர்ந்தது. அதன் முகப்பில், வண்டி செய்த தொழிற்சாலையிலேயே பொருத்தி அனுப்பிய வானொலிப் பெட்டி ஒன்று இருக்கிறது. இரண்டு பெரிய குமிழ்கள், ஆறு பொத்தான்கள், அவற்றின் கீழே கசெட் செருகும் வாய். நான் எழுத வந்தது அந்தப் பெட்டியைப் பற்றித்தான்.

தந்தையாருக்குக் கண் அழுத்த நோய். ஓரப் பார்வை முழுவதும் போய், நடுவில் ஒரு சிறு வட்டம் மாத்திரம் எஞ்சியிருக்கிறது. ஆனால் வண்டியில் ஏறி முன் ஆசனத்தில் அமர்ந்தவுடன் அவருடைய வலக்கை தானாகவே நீண்டு குமிழைக் கண்டுபிடித்துவிடும். இடப்பக்கக் குமிழ் ஒலிக்கு, வலப்பக்கக் குமிழ் நிலையத்துக்கு, நடுவில் தடவினால் கசெட் வாய். அந்தப் பெட்டியை இயக்குவதற்கு அவருக்குக் கண் வேண்டியதில்லை.

அவர் கேட்க விரும்புவதோ ஒரே ஒரு கசெட். தொலஸ்பாகைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் 1982 ஆம் ஆண்டு மாசி மாதம் நடந்த காமன் கூத்தை, நண்பர் ஒருவரின் ஒலிப்பதிவுக் கருவியை இரவல் வாங்கி அவரே பதிவு செய்தது. மன்மதன் எரிந்துபோவதும் ரதி புலம்புவதும் அதில் இருக்கின்றன. இடையிடையே தப்பொலியும் குழந்தைகளின் அழுகையும் கேட்கும். பாடியவர்களுள் தந்தையாரும் ஒருவர். 1964 ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்று கணக்கிட்டதன்றோ? அந்தக் கணக்கில் அடங்கியவர்கள் சிலரும் அன்று பாடினார்கள். கூத்து முடிந்த சில மாதங்களில் அவர்கள் புகையிரதம் ஏறித் தலைமன்னார் சென்று, கப்பலில் இராமேஸ்வரம் போய்ச் சேர்ந்தார்கள். 1984 இல் அந்தக் கப்பலும் நின்றுபோயிற்று. அவர்களில் எவரையும் தந்தையார் பின்னர் காணவில்லை.

அந்தக் கசெட்டை எங்கள் வண்டி மென்றுவிட்டது.

கம்பளைக்கு இப்பால், ரதி புலம்பத் தொடங்கிய இடத்தில், குரல்கள் திடீரென நீண்டு இழுபட்டன. நான் வண்டியை ஓரங்கட்டுவதற்குள் நாடா இயந்திரத்தினுள் சுற்றிக்கொண்டது. காரணம் பின்னர்தான் விளங்கிற்று. கசெட் நாடாவின் அகலம் 4 மில்லிமீற்றருக்கும் குறைவு. மெல்லிய உருக்குத் தண்டு ஒன்றும் அதனை அழுத்தும் ரப்பர் உருளையும் அந்த நாடாவைப் பற்றி, செக்கனுக்கு 4.76 சென்ரிமீற்றர் வேகத்தில் இழுக்கின்றன. வயதாகி ரப்பர் இறுகி, மறுபக்கத்தில் நாடாவைச் சுருட்டும் சக்கரமும் தளர்ந்துவிட்டால், வெளிவரும் நாடா சுருட்டப்படாமல் அந்தத் தண்டிலேயே சுற்றத் தொடங்கும். ஒரு பென்சிலைக் கொண்டு பொறுமையாகச் சுற்றி எடுத்தோம். இரண்டாம் பக்கத்தின் நடுவில் ஒரு பகுதி போனது போனதுதான். எஞ்சியதை என் தம்பி மகன் கணினியில் ஏற்றிச் சுத்தம் செய்து, தீப்பெட்டி அளவான எம்.பி.3 கருவி ஒன்றில் அடக்கிக் கொடுத்தான். நாடா கூட்டுக்குள் திரும்பவும் போகும் நிலையில் இல்லை. வெறுங்கூடு மேசை இழுப்பறையில் கிடந்தது.

அந்தச் சிறு கருவியை வண்டியின் பெட்டியோடு எவ்வாறு இணைப்பது?

நண்பர்கள் யாவரும் சொன்ன விடை ஒன்றே: "பழைய செட்டைக் கழற்றிப் போடும், தொடுதிரை வைத்த புதிய செட்டைப் பூட்டும்." நல்ல யோசனைதான், கண் உள்ளவருக்கு. வழுவழுப்பான கண்ணாடியில் ஒலியைக் கூட்டும் இடம் எது, குறைக்கும் இடம் எது என்று விரல் எப்படி அறியும்? வீட்டிலே கேட்கலாமே என்றும் சிலர் கூறினர். வீட்டில் தொலைக்காட்சி இருக்கிறது, பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள், சமையலறையில் அரைக்கும் இயந்திரம் இருக்கிறது. நாற்பது கிலோமீற்றர் யாரும் குறுக்கிடாமல் கேட்கக்கூடிய இடம் அவருக்கு வண்டி ஒன்றுதான்.

முதலில் நான் நாடியது எளிய வழியை. கருவியிலிருந்து வரும் ஒலியைச் சிறு வானொலி அலையாக்கி வண்டிக்குள்ளேயே ஒலிபரப்பும் குமிழ் ஒன்றைக் கடைகளில் விற்கிறார்கள். சிகரெட் பற்றவைக்கும் துளையில் அதனைச் செருகிவிட்டு, வானொலியை அதே மீடிறனுக்குத் திருப்பினால் போதும். எங்கள் வண்டியில் அதிலும் ஒரு சிக்கல் இருந்தது. ஜப்பானில் எப்.எம். ஒலிபரப்பு நெடுங்காலமாக 76 முதல் 90 மெகாஹேர்ட்ஸ் வரை மாத்திரமே. 90 இலிருந்து 108 வரையுள்ள இடத்தை அங்கே தொலைக்காட்சியின் முதல் மூன்று அலைவரிசைகள் பிடித்துக்கொண்டிருந்தன. அந்தப் பழைய தொலைக்காட்சி முறை 2011 - 2012 இல் ஓய்ந்த பின்னரே வானொலிக்கு 95 வரை இடம் கிடைத்தது. இலங்கையிலோ நிலையங்கள் 88 முதல் 108 வரை பரந்து கிடக்கின்றன. ஆகவே ஜப்பானிய வண்டி இங்கு வந்தவுடன், வானலைக் கம்பிக்கும் பெட்டிக்கும் இடையில் ஒரு சிறு மாற்றியைப் பொருத்துவார்கள். என் வண்டியிலுள்ளது வருகின்ற மீடிறனில் 16 மெகாஹேர்ட்ஸைக் குறைக்கும்; 100 இல் ஒலிபரப்பாவது பெட்டியில் 84 இல் கேட்கும். இது தெரியாமல் ஒரு ஞாயிறு மாலை முழுவதும் நான் குமிழைத் திருப்பிக்கொண்டிருந்தேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். கழித்தல் கணக்கைக் கண்டுபிடித்ததும் 99 இல் அனுப்பியது 83 இல் வந்து சேர்ந்தது.

நாவலப்பிட்டி நகருக்குள் அது நன்றாகவே கேட்டது. நான்கு பக்கமும் மலைகள்; எப்.எம். அலை பெரும்பாலும் நேர்கோட்டில் செல்வதால் தூரத்து நிலையங்கள் பல இங்கே எட்டிப் பார்ப்பதில்லை. கம்பளையைத் தாண்டி வெளி திறந்ததும் கதை மாறிற்று. எப்.எம். முறையில் இரு நிலையங்கள் ஒரே மீடிறனில் மோதினால் அவை கலந்து ஒலிப்பதில்லை. வலியது மெலியதை அப்படியே விழுங்கிவிடும். நம் குமிழின் வலிமையோ மிகச் சொற்பம். அதனை அவ்வளவில் வைத்திருக்க வேண்டுமென்பது பல நாடுகளில் சட்டம். ஆக, மன்மதன் எரிந்து சாம்பலாகி, ரதி முதல் அடியைத் தொடங்கிய கணத்தில் ஒரு சவர்க்கார விளம்பரம் வந்தது. தந்தையார் ஒன்றும் சொல்லவில்லை. கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

இரண்டாவது வழி, கசெட் வடிவிலேயே செய்த இணைப்பான். நாடா இருக்க வேண்டிய இடத்தில் அதனுள் ஒரு சிறு காந்தத்தலை இருக்கிறது. வண்டியின் தலை நாடாவிலுள்ள காந்தத்தைப் படிக்கும் இயல்புடையதன்றோ? இணைப்பானின் தலை அதன் எதிரே நின்று, பாட்டுக்கேற்ப மாறும் காந்தப் புலத்தை நேராகவே அதற்குக் கொடுத்துவிடுகிறது. நாடா இல்லாமலே நாடா ஓடுவதாக நம்பவைக்கும் இந்த உபாயத்தை நினைத்தவர் யாராயினும் கெட்டிக்காரர்தான். எங்கள் பெட்டியோ இருபக்கமும் தானே மாறி ஓடும் வகை. சுருட்டும் சக்கரம் நின்றுவிட்டால் நாடா தீர்ந்ததென்று எண்ணி அது மறுபக்கம் திரும்பிவிடும். அதனை ஏமாற்றவே இணைப்பானுக்குள் பற்சக்கரங்கள் வைத்திருக்கிறார்கள். தளர்ந்துபோன எங்கள் சக்கரத்தால் அந்தப் பற்களைச் சுற்ற முடியவில்லை. இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை 'டக்' என்று திரும்பிற்று, திரும்பினால் மௌனம்.

இந்நிலையில்தான் பழைய வானொலிகளைத் திருத்தும் பெரியவர் ஒருவரிடம் போனேன். 1874 இல் நாவலப்பிட்டிக்குப் புகையிரதம் வந்து, அட்டனுக்கு ஏறுமுன் பத்து ஆண்டுகள் இங்கேயே நின்றதல்லவா? அந்த நிலையத்துக்கு அண்மையிலே ஒரு சிறு கடை அவருடையது. வால்வு வானொலிக் காலத்திலிருந்து தொழிலில் இருப்பவர். ஊர் முழுவதும் அவரை நானா என்றே அழைக்கும். பெட்டியைக் கழற்றி மேசையில் வைத்து, மூடியைத் திறந்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாஸ்டர், பாட்டு வாற வாசல் இதுக்குள்ள ரெண்டு ஈக்குது. ஒண்டு ரேடியோ, மத்தது கசெட். ரெண்டும் கடைசியில ஒரே கூடத்துக்குத்தான் வருது. அந்தக் கூடத்துக்குப் பின்னால ஒரு வாசல் வெச்சாச் சரி."

அவர் சொன்னதைச் சிறிது விரித்துரைக்கிறேன். கசெட்டைப் படிக்கும் தலையிலிருந்து பிறக்கும் மின் சைகை மிக நுண்ணியது. ஒரு வோற்றின் ஆயிரத்தில் ஒரு பங்குகூடத் தேறாது. அதனை முதல் விரியலாக்கி ஒன்று பெருக்கி, தாழ்ந்த சுருதிகளுக்குத் தனியாக வலுவூட்டி, ஒலிக் குமிழுக்கு அனுப்புகிறது. கையடக்கக் கருவி தருவதோ ஒரு வோற்றுக்கு அண்மை வரை செல்லும். தலை இணையும் இடத்திலேயே இதனைக் கொண்டுபோய் இணைத்தால் பானைக்குள் கத்துவதுபோல் பிளிறும். முதல் விரியலாக்கிக்கு அப்பால், ஒலிக் குமிழுக்கு இப்பால் இணைக்க வேண்டும். இணைக்குமிடத்தில் பெட்டிக்குரிய நேரோட்ட மின்னழுத்தம் இருப்பதால், அது கருவிக்குள் புகாமலும் பாட்டு மாத்திரம் கடந்து செல்லும்படியும் இடம், வலம் இரண்டிலும் ஒவ்வொரு கொள்ளளவி வைக்க வேண்டும். நம் பாடநூல்கள் கொள்ளளவி என்பதை நானா கண்டென்சர் என்பார். வேலை என்னவோ ஒன்றுதான்.

ஆனால் ஒரு தடை இருந்தது. பழைய வழியை வெட்டித்தான் புதியதை இணைக்க முடியும் என்றார் அவர். இரண்டையும் வைத்துக்கொள்ள மாற்றுவிசை ஒன்று பொருத்தலாம். ஆயின் அதனைத் தந்தையாரின் கை புதிதாகத் தேடிப் பழக வேண்டும். வெட்டிவிட்டால் இந்தப் பெட்டி இனி எந்தக் காலத்திலும் ஒரு கசெட்டைப் பாடாது. சொல்வதற்கு எளிது, முப்பது ஆண்டுகளாகப் பாடிய பெட்டி அது. அன்று ஒன்றும் தீர்மானிக்காமல் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

இரவு சாப்பிடும்போது தந்தையாரிடம் விஷயத்தைச் சொன்னேன். "கசெட்டைப் போட்டாத்தானே அது பாடும்?" என்று கேட்டார். அந்தக் கேள்வி உண்மையில் நானாவுக்கும் எனக்கும் மிஞ்சியிருந்த கடைசிச் சிக்கல். கசெட் உள்ளே போனால்தான் பெட்டி கசெட் வழியைத் திறக்கும். வெறும் வாயோடு இருந்தால் வானொலியைத்தான் கேட்கும். பதிலாக எதையாவது உள்ளே செருக வேண்டும். எனக்கு இழுப்பறையில் கிடந்த வெறுங்கூடு நினைவுக்கு வந்தது. நாடா இல்லாத கூட்டில் இரு சக்கரங்களும் தடையின்றிச் சுற்றும். தளர்ந்த இயந்திரத்துக்கும் அது பாரமாகாது. நாடா ஓடுகிறதென்றே அது நம்பும். மறுநாள் கூட்டை எடுத்துக்கொண்டு போனேன். அதன் முகத்தில் 'காமன் கூத்து 1982' என்று தந்தையாரின் கையெழுத்து நீல மையில் மங்கலாக இருந்தது. நானா அதனை வாங்கிப் படித்துவிட்டு, "இதையே வெப்போம்" என்றார்.

வேலை ஒரு பகலில் முடிந்தது. பற்றரியின் எதிர் முனையைக் கழற்றிய பின்னரே பெட்டியைத் தொட வேண்டும் என்பதை இத்தகைய முயற்சியில் இறங்கும் வாசகர்கள் மறக்கலாகாது. சில வண்டிகளில் மின்சாரம் நின்றால் திருட்டுத் தடுப்பு இலக்கத்தைப் பெட்டி மீண்டும் கேட்கும். அந்த இலக்கம் கையில் இல்லாதவர்கள் முதலில் அதனைத் தேடுவது நலம். சற்றுப் பிந்திய காலத்து வண்டிகளில் இசைத்தட்டு மாற்றிக்கென்று பின்புறத்தில் ஒரு செருகுவாய் விட்டிருப்பார்கள். அவற்றுக்கு ஏற்ற இணைப்பான்கள் கிடைக்குமாகையால் இவ்வளவு வெட்டு வேலை வேண்டியதில்லை.

முடிந்ததென்று வண்டியைக் கிளப்பினால் ஒரு முனகல். கருவியை வண்டியின் மின்சாரத்திலேயே ஏற்ற முற்பட்டபோதுதான் அது வந்தது, கழற்றினால் நின்றது. கினிகத்தேனைப் பக்கம் ஏற்றத்தில் ஓட்டிப் பார்த்தேன். இயந்திரம் வேகங்கொள்ள முனகலும் சுருதி ஏறிற்று. கருவி பெட்டியோடு ஒரு வழியாலும், மின் துளையோடு இன்னொரு வழியாலும் வண்டியின் இரும்பு உடலைத் தொடுகிறது. அவ்விரு தொடுமிடங்களின் மின்னழுத்தமும் துல்லியமாக ஒன்றல்ல. மின்னாக்கி சுழலும்போது எழும் ஏற்றத்தாழ்வு அந்த வளையத்தில் ஓடிப் பாட்டோடு கலந்துவிடுகிறது. நானா புளியங்கொட்டை போன்ற இரண்டு சிறு நிலைமாற்றிகளை நடுவில் வைத்தார். ஒரு சுருளிலிருந்து மறு சுருளுக்குப் பாட்டு காந்தமாகத் தாவும்; கம்பித் தொடர்பு அறுந்துவிடும். முனகல் போயிற்று.

கூலி கேட்டபோது நான் எதிர்பார்த்ததில் பாதியைத்தான் சொன்னார். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு 2025 பெப்ரவரி வரை திறக்கப்படாதிருந்த காலத்தில், தம் கடைக்கு வந்த பழைய செட்டுகள் போல் அதற்குமுன் பத்து வருஷத்தில் வரவில்லை என்றார். புதிய வண்டி வாங்க முடியாதவர்கள் பழையதைத் திருத்திக்கொள்ள வந்தார்களாம். இப்போது மறுபடியும் குறைந்துவிட்டதாகச் சொல்லிச் சிரித்தார்.

சென்ற மாதம் கண்டிக்குப் போனோம். தந்தையார் ஏறி அமர்ந்ததும் கூட்டை அவர் கையில் கொடுத்தேன். விரலால் நடுவைத் தடவி வாயைக் கண்டு உள்ளே தள்ளினார். உள்ளிருந்து பழைய 'டக்' கேட்டது. நான் கருவியை அழுத்தினேன். உலப்பனைப் பாலத்தைக் கடக்குமுன் தப்பு முழங்கத் தொடங்கிற்று. கம்பளை போயிற்று, ரதியின் புலம்பல் வந்தது, நாடா மென்ற இடம் ஒரு கணம் விக்கிவிட்டுத் தாண்டிச் சென்றது. பாடியவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தார். ஒரு குரலுக்கு மாத்திரம் பெயர் சொல்லவில்லை. கையை நீட்டி இடப்பக்கக் குமிழைப் பிடித்து, அது முடியும்வரை ஒலியைச் சற்றுக் குறைத்தே வைத்திருந்தார்.