பழைய பிளேனிங் மெஷின் வாங்க போறீங்களா? பார்க்காம வாங்கினா பணத்தோட விரலும் போகும்!

தேனி: கம்பம், சின்னமனூர், உத்தமபாளையம், போடி பக்கம் தச்சு வேலைக்கு புதுசா இறங்கும் இளைஞர்கள் முதலில் தேடுவது பழைய மெஷினைத்தான். பிளேனிங் மெஷின், கட்டிங் மெஷின், ட்ரில், ரவுட்டர் என நாலையும் புதுசாக வாங்க தினக்கூலிக்கு கட்டுப்படி ஆகுமா? அதனால் தொழிலை விட்டவர், வெளிநாடு போகிறவர், காயில் கட்டும் கடைக்காரர் என யாரிடமாவது பாதி விலைக்கு பேசி முடிக்கிறார்கள்.

பாதி விலை என்றால் சந்தோஷம்தான். ஆனால் உள்ளே ஆர்மேச்சர் போயிருந்தால் மிச்சம் பிடித்த காசை ரிப்பேர் கடையில் கொட்ட வேண்டியதுதான்.

எனவே விற்பவர் ஸ்விட்சை போட்டு "பாருங்கண்ணே, எப்படி ஓடுது" என்று காட்டினால் மயங்கி விடக்கூடாது. சும்மா ஓடுவது பெரிய விஷயமே இல்லை. மரத்தில் வைத்து அழுத்தும்போதுதான் மெஷினின் வண்டவாளம் தெரியும். வாங்கப் போகும்போது கையோடு ஒரு பலகை துண்டை எடுத்துப் போங்கள். வேம்பு, பூவரசு மாதிரி கொஞ்சம் கெட்டி மரமாக இருந்தால் நல்லது.

முதலில் பிளக்கை பிடுங்கி விட்டு பிளேடை கையால் மெதுவாக சுற்ற வேண்டும். கரகரவென்று மணல் அரைபடுவது போல இருந்தால் பேரிங் தேய்ந்து விட்டது. மேலும் கீழும் ஆட்டினால் ஆடக்கூடாது. பேரிங் மாற்ற பெரிய செலவு இல்லை, விலையை குறைத்து பேசலாம்.

நெருப்பு வளையம் தெரிந்தால் நடையை கட்டுங்க

அடுத்து ஓட விட்டு, காற்றுத் துளை வழியாக உள்ளே பாருங்கள். கார்பன் உரசும் இடத்தில் பொடிப்பொடியாக நீல நிற பொறி வந்தால் பயப்பட வேண்டாம். அதுவே நெருப்பு வளையம் மாதிரி சுற்றி வந்தால் ஆர்மேச்சர் ஷார்ட் ஆகி இருக்கிறது என்று அர்த்தம். கருகிய வார்னிஷ் வாடை வந்தாலும் அதே கதைதான்.

பத்து நிமிடம் ஓட்டி, கொண்டு போன பலகையில் வேலையும் பார்த்து விட்டு, மோட்டார் இருக்கும் பகுதியில் கை வையுங்கள். வெதுவெதுப்பாக இருக்கலாம். கை வைக்க முடியாமல் சுட்டால் வேண்டாம்.

பிளக்கை மறுபடி பிடுங்கி, பக்கவாட்டில் உள்ள இரண்டு மூடியையும் கழற்றினால் கார்பன் வெளியே வரும். இரண்டும் ஒரே அளவில் தேய்ந்திருக்க வேண்டும். கட்டையாகி விட்டால் மாற்றிக் கொள்ளலாம், விலை குறைவுதான். ஆனால் ஒன்று மட்டும் கோணலாக தேய்ந்தோ, ஓரம் உடைந்தோ இருந்தால் கோளாறு கார்பனில் இல்லை, ஆர்மேச்சரில் இருக்கலாம்.

காயில் கட்டிய மெஷின் என்றாலே ஒதுக்க வேண்டியதில்லை. நல்ல காப்பர் கம்பியில் கட்டியது வருஷக்கணக்கில் ஓடும். அலுமினிய கம்பியில் கட்டியது சீக்கிரம் சூடாகும். எந்த கடையில் கட்டினார்கள் என்று கேட்டு, முடிந்தால் அந்த கடைக்கே மெஷினை தூக்கிப் போய் காட்டுவது புத்திசாலித்தனம்.

இன்னொரு விஷயம், டைல்ஸ் அறுத்த மெஷினை துடைத்து மர வேலை மெஷின் என்று தள்ளி விடுவதும் உண்டு. காற்றுத் துளைகளில் வெள்ளை மாவு அப்பி இருக்கிறதா என்று பாருங்கள். கல் மாவு பேரிங்கையும் காயிலையும் அரித்து விடும். மரத்தூள் அவ்வளவு மோசம் இல்லை.

விரல் போனால் யார் தருவார்?

எல்லாவற்றையும் விட முக்கியம் பிளேடை மூடும் கார்டு. "இடைஞ்சலா இருந்துச்சு, கழட்டி போட்டுட்டேன்" என்று சாதாரணமாக சொல்வார்கள். கார்டு இல்லாத மெஷின் இலவசமாக வந்தாலும் வேண்டாம்.

சர்க்குலர் ரம்பத்தில் அடி கார்டை கையால் தூக்கி விட்டால், 'டக்' என்று தானாக மூட வேண்டும். ஸ்பிரிங் செத்து பாதியில் நின்றாலோ, கட்டுக்கம்பி போட்டு தூக்கி கட்டி இருந்தாலோ யோசிக்காமல் திரும்பி விடுங்கள்.

ஆங்கிள் கிரைண்டரில் பல் வைத்த மர பிளேடை மாட்டி "ரெண்டு வேலைக்கும் ஆகும்" என்று விற்பதுதான் படு மோசம். நாலு இஞ்ச் கிரைண்டர் நிமிடத்துக்கு சுமார் 11 ஆயிரம் சுற்று சுற்றும். பல் மரத்தில் மாட்டினால் மெஷின் துள்ளி ஆள் மேலேயே பாயும். எந்த பிளேடாக இருந்தாலும் அதில் போட்டிருக்கும் அதிகபட்ச வேகம், மெஷினின் வேகத்தை விட கூடுதலாக இருக்க வேண்டும்.

பிளேனிங் மெஷினில் பிளேடை பிடிக்கும் போல்ட் தலைகள் மழுங்கி இருக்கக்கூடாது. ஒரு பிளேடு கழன்றால் தோட்டா மாதிரி பறக்கும். அடித்தட்டில் இரும்பு ஸ்கேலை வைத்து வெளிச்சத்தில் பார்த்தால், வளைவு இருந்தால் தெரிந்து விடும்.

அப்படியும் விரல் துண்டாகி விட்டால், காயத்தை சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்து 108-க்கு போன் செய்ய வேண்டும். துண்டான விரலை ஈரத்துணியில் சுற்றி பிளாஸ்டிக் கவரில் போட்டு கட்டி, அந்த கவரை ஐஸ் தண்ணீரில் வைக்க வேண்டும். நேராக ஐஸில் போட்டால் சதை கெட்டு விடும். கம்பம், கூடலூர் பக்கம் உள்ளவர்கள் க.விலக்கில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு தேனியைத் தாண்டி போக வேண்டும் என்பதால் இது தெரிந்திருப்பது அவசியம்.

துபாய் சரக்கு, திருட்டு சரக்கு

வெளிநாட்டில் இருந்து கொண்டு வந்தது என்றால் பெயர் தகட்டில் வோல்ட்டை பாருங்கள். நம் ஊரில் 230 வோல்ட். ஜப்பானில் 100. சவுதியிலும் வீடுகளில் நீண்டகாலம் 127 வோல்ட் இருந்தது. 110 என்று போட்ட மெஷினை நம் பிளக்கில் சொருகினால் அடுத்த நிமிடம் புகைதான்.

ஹிட்டாச்சி பெயர் போட்ட மெஷினை காட்டி "வாங்கி ரெண்டு வருஷம்தான் ஆச்சு" என்றால் உஷார். அந்த பவர் டூல்ஸ் பிராண்ட் 2018-லேயே ஹைகோகி என்று பெயர் மாறி விட்டது.

பேட்டரி மெஷின் என்றால் பேட்டரியின் புது விலையை கடையில் விசாரித்து விட்டு பேரம் பேசுங்கள். பேட்டரி செத்திருந்தால் பெரும்பாலும் லாபமே இல்லை. ஒரு கம்பெனி பேட்டரி இன்னொன்றுக்கு சேராது.

சீரியல் நம்பரை சுரண்டி எடுத்திருந்தால் தொடவே கூடாது. திருட்டு பொருள் என்று தெரிந்தோ, சந்தேகப்பட காரணம் இருந்தும் கண்டுகொள்ளாமலோ வாங்கினால், 2024 ஜூலை 1-ல் அமலுக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதா 317-வது பிரிவின்படி 3 ஆண்டு வரை சிறை உண்டு. பில் இல்லாவிட்டால் விற்பவரின் ஆதார் நகலும், விலையும் தேதியும் எழுதி கையெழுத்து போட்ட சீட்டும் வாங்கி வையுங்கள்.

35 வயது ஆனவர்கள், பழசுக்கு அலையும் முன்பு மாவட்ட தொழில் மையத்தில் ஒரு தடவை விசாரிக்கலாம். 2025-ல் தமிழக அரசு தொடங்கிய கலைஞர் கைவினைத் திட்டத்தில் ரூ.3 லட்சம் வரை கடனும், அதில் 25 சதவீதம், அதிகபட்சம் ரூ.50 ஆயிரம் மானியமும் அறிவிக்கப்பட்டது. மர வேலையும் அந்த பட்டியலில் இடம்பெற்றது.