அடைமழை வந்தாலும் அடுப்பு எரிய வேண்டும்!

திருத்தணி முருகன் கோவிலுக்கு 365 படிகள். ஆண்டுக்கு 365 நாட்கள். நாளுக்கு ஒரு படி என்று பெரியவர்கள் சொல்வார்கள்.

வீட்டுக் கணக்கும் அதுதான். 365 நாளும் உலை வைக்க வேண்டும். "இன்று மழை, அதனால் எனக்குச் சோறு வேண்டாம்" என்று எந்த வயிறும் சொல்லாது! மழை நாளில் பசி சற்று அதிகமாகவே எடுக்கும்.

ஆனால் அந்த நாளில்தான் கூலி வேலை நிற்கும். காய்கறி விலை ஏறும். கையில் காசும் குறையும்.

மூன்றும் ஒன்றாக வந்தால் குடும்பம் என்ன செய்யும்? கடன் வாங்கும். மழை ஓய்ந்த பிறகும் அந்தக் கடன் ஓயாது.

இதைத் தவிர்க்க வழி உண்டா? உண்டு. மழை மாதத்துச் சாப்பாட்டை வெயில் மாதத்திலேயே முடிவு செய்து விடுவதுதான் அந்த வழி.

பனியும் மழையும்

குளிர் நாடுகளில் பனி கொட்டும். செடி கொடி முளைக்காது. அதனால் குளிருக்கு முன்பே உணவைச் சேர்த்து வைப்பார்கள்.

கொரியா நாட்டில், குளிர் தொடங்கும் முன் உறவினரும் அக்கம்பக்கத்தாரும் ஒன்று கூடுவார்கள். முட்டைக்கோசில் உப்பும் மிளகாயும் சேர்த்து ஊற வைப்பார்கள். 'கிம்ச்சி' என்பது அதன் பெயர். பலர் கூடிச் செய்யும் இந்த வழக்கத்தை யுனெஸ்கோ நிறுவனம் 2013-ல் உலகப் பண்பாட்டுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது.

நம் ஊரில் பனி கொட்டாது. மழை கொட்டும். 'ஐப்பசியில் அடைமழை, கார்த்திகையில் கனமழை' என்பது பழமொழி. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழைக் காலம். நமக்கு 'குளிர்கால இருப்பு' என்றால் அது மழைக்கால இருப்புதான்.

அதை அலட்சியம் செய்யலாமா? கூடாது. 2021 நவம்பரில் பெருமழை பெய்தது. ஆந்திரப் பகுதியில் உள்ள அம்மப்பள்ளி அணையிலிருந்து தண்ணீர் திறந்து விடப்பட்டது. பள்ளிப்பட்டு வட்டாரத்தில் தரைப்பாலங்கள் மூழ்கின. 2023 டிசம்பர் முதல் வாரத்தில் மிக்ஜாம் புயல் வந்தது. சென்னையிலேயே பலருக்குப் பால் கிடைக்கவில்லை!

தறி நின்றால்...

திருத்தணியைச் சுற்றி நெசவாளர் குடும்பங்கள் பல உண்டு. பள்ளிப்பட்டு, பொதட்டூர்பேட்டை, ஆர்.கே.பேட்டை பக்கம் தறிச் சத்தம் கேட்கும்.

மழை வந்தால் தறி என்ன ஆகும்? குழித்தறியில் நீர் ஊறும். பாவுக்குப் போட்ட கஞ்சி காயாது. மின்சாரம் போனால் விசைத்தறியும் ஓடாது. வயல் வேலை, கட்டட வேலை செய்பவர்கள் பாடும் இதே பாடுதான்.

ஒரு நெசவாளர் வீட்டை எண்ணிப் பாருங்கள். ஐந்து பேர். கணவன், மனைவி, மாமியார், இரண்டு பிள்ளைகள். தீபாவளி முடிந்து நான்கு நாள். வெளியே விடாத மழை.

"என்னங்க, அரிசி நாளைக்கு வரைக்கும்தான் வரும். பருப்பு தீர்ந்து போச்சு" என்கிறாள் மனைவி.

"கூலி வர ஒரு வாரம் ஆகும்மா. கடையில கடன் சொல்லிக்கலாம்" என்கிறார் கணவர்.

"போன மழைக்கு வாங்கினதே இன்னும் பாக்கி இருக்குதே!"

மாமியார் மூலையிலிருந்து மெல்லச் சொல்கிறார்: "சித்திரையில வெயில் கொளுத்திச்சே, அப்ப நாலு வடகம் போட்டிருந்தா, ஒரு படி புளி வாங்கி வெச்சிருந்தா, இப்ப பாதிக் கவலை இல்லை."

அந்த அம்மாள் சொல்வது உண்மை. தீபாவளியும் மழையும் ஐப்பசியில் சேர்ந்து வருகின்றன. துணிக்கும் பலகாரத்துக்கும் பணம் போன பிறகுதான் வேலை நிற்கிறது. ஆகவே தீபாவளிச் செலவுக்கு முன்பே மழைக்கால மளிகையை வாங்கி விட வேண்டும். புதுத் துணி ஒன்று குறைந்தால் ஒரு நாள் வருத்தம். பருப்பு குறைந்தால் பிள்ளைகளின் உடம்பு வருந்தும்!

எந்த மாதம் என்ன செய்வது?

சித்திரை முதல் புரட்டாசி வரை 6 மாதங்கள். வாரம் ஒரு பொருள் என்று சேர்த்தால் சுமை தெரியாது.

பங்குனி, சித்திரை: புதுப்புளியும் புது மிளகாயும் வரும் காலம். புளியைக் கொட்டை நீக்கி, வெயிலில் காய வைத்து, உப்புச் சேர்த்து மண் பானையில் அடையுங்கள். அரிசிக் கூழ் வடகமும் வெங்காய வடகமும் போட ஏற்ற வெயில் இதுதான்.

வைகாசி: மாங்காய் ஊறுகாய். துண்டு மாங்காய் 4 பங்கு என்றால் உப்பு, மிளகாய்த்தூள், கடுகுத்தூள் வகைக்கு 1 பங்கு. துண்டுகள் மூழ்கும்படி நல்லெண்ணெய் ஊற்ற வேண்டும். இதுதான் ஆவக்காய்.

திருத்தணியில் தமிழும் தெலுங்கும் கலந்து பேசுவார்கள். 1953-ல் ஆந்திர மாநிலம் பிறந்தபோது இவ்வூர் அந்தப் பக்கம் இருந்தது. 1960 ஏப்ரல் 1-ம் தேதி சென்னை மாநிலத்தோடு இணைந்தது. எல்லைக்கோடு மாறியது. ஆனால் சமையல் கட்டில் எல்லை ஏது? ஒரே அலமாரியில் ஆவக்காயும் வற்றல் குழம்புப் பொடியும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும்.

ஆனி முதல் ஆவணி வரை: காய் மலிவாகக் கிடைக்கும் நாளில் கொத்தவரங்காய், சுண்டைக்காய், மணத்தக்காளி, மோர் மிளகாய் வற்றல் போடலாம்.

புரட்டாசி: இந்த மாதம் பொன்னுருகக் காயும், மண்ணுருகப் பெய்யும் என்பார்கள். வெயில் காயும் நாளில் எல்லா வற்றலையும் எடுத்து மறுபடி ஒரு வெயில் காட்டுங்கள். பல வீடுகளில் இதை மறந்து விடுகிறார்கள். வற்றல் கெடுவது அதனால்தான்.

15 நாள் கணக்கு

அரிசியும் பருப்பும் மூன்று மாதத்துக்குச் சேர்க்க எல்லாராலும் முடியாது. தேவையும் இல்லை. 15 நாள் இருப்பு இருந்தால் அடைமழையைத் தாண்டலாம்.

எவ்வளவு வேண்டும்? ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் ஓர் உணவு வழிகாட்டியை வெளியிட்டது. அதன்படி ஒருவருக்கு ஒரு நாளைக்கு தானியம் 250 கிராம், பருப்பு பயறு 85 கிராம், எண்ணெய் 27 கிராம். ஐந்து பேருக்கு 15 நாள் என்று பெருக்கிப் பாருங்கள்.

அரிசி, கேழ்வரகு முதலிய தானியம்: சுமார் 19 கிலோ.

பருப்பு, பயறு வகை: சுமார் 6½ கிலோ.

எண்ணெய்: சுமார் 2¼ லிட்டர்.

சின்னப் பிள்ளைகள் குறைவாகச் சாப்பிடுவார்கள். உடல் உழைப்பு உள்ளவர்கள் கூடுதலாகச் சாப்பிடுவார்கள். அதற்கேற்ப அளவை மாற்றிக் கொள்ளலாம்.

தமிழ்நாட்டில் 2011 ஜூன் முதல் அரிசி அட்டைக்கு ரேஷன் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. அதனால் பணத்தைப் பருப்புக்குச் செலவிடுங்கள். சோறு மட்டும் வயிற்றை நிரப்பும். வளரும் பிள்ளைக்குப் பருப்பும் பயறும் வேண்டும்.

ஈரமே பகை

சேர்த்த பொருளைக் காப்பது எப்படி?

வற்றலை ஒடித்தால் 'படக்' என்று ஒடிய வேண்டும். வளைந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. பருப்பில் சில சொட்டு விளக்கெண்ணெய் தடவிக் காய வைத்தால் வண்டு அண்டாது. ஊறுகாய் ஜாடியில் ஈரக் கரண்டி போகக் கூடாது. டப்பாக்களைத் தரையில் வைக்காமல் பலகை மேல் வையுங்கள்.

வேர்க்கடலையில் மிகவும் கவனம் தேவை. 1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் செத்து விழுந்தன. காரணம் என்ன? தீவனத்தில் கலந்த, பூஞ்சை பிடித்த வேர்க்கடலைப் புண்ணாக்கு! அந்தப் பூஞ்சையின் நஞ்சுக்கு 'அப்ளடாக்சின்' என்று பெயர். அது கல்லீரலைக் கெடுக்கும். வறுத்தாலும் வேக வைத்தாலும் முழுவதும் போகாது. ஆகவே நிறம் மாறிய கடலையையும் பூஞ்சை பூத்த தானியத்தையும் "கழுவிச் சாப்பிடலாம்" என்று நினைக்காதீர்கள். எறிந்து விடுங்கள்.

காய் இல்லாத நாளில்...

குளிர்சாதனப் பெட்டி இல்லாமலே சில காய்கள் பல நாள் தாங்கும். முழுப் பரங்கிக்காய், சாம்பல் பூசணி, சேனைக்கிழங்கு, சேப்பங்கிழங்கு ஆகியவற்றைக் காற்றோட்டமான இடத்தில் வைக்கலாம். அறுத்த பிறகுதான் சீக்கிரம் கெடும்.

இன்னொரு வழியும் உண்டு. பச்சைப் பயறை ஊற வைத்து, துணியில் முடிந்து வையுங்கள். முளை விடும். முளைத்த பயறில் 'சி' வைட்டமின் உண்டாகிறது. காய் கிடைக்காத நாளில் வீட்டுக்குள்ளேயே ஒரு தோட்டம்!

ஒரு வாரச் சாப்பாட்டுக்கு இதோ ஒரு மாதிரி:

திங்கள்: சுண்டைக்காய் வற்றல் குழம்பு, முளைப்பயறு சுண்டல்.

செவ்வாய்: கேழ்வரகுக் களி, காராமணி பரங்கிக்காய்க் குழம்பு.

புதன்: பாசிப்பருப்புப் பொங்கல், ஊறுகாய்.

வியாழன்: கொள்ளு ரசம், சேனைக்கிழங்கு வறுவல்.

வெள்ளி: பூசணிக்காய் சாம்பார், அப்பளம்.

சனி: புளிச்சாதம், கொண்டைக்கடலை சுண்டல்.

ஞாயிறு: முட்டைக் குழம்பு அல்லது கருவாட்டுக் குழம்பு. சைவர்களுக்கு மொச்சைக் குழம்பு.

இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு மிக்சி வேண்டாம். மின்சாரம் போனாலும் சமைக்கலாம். பருப்புப் பொடி, கறிவேப்பிலைப் பொடியை முன்பே அரைத்து வைத்து விடுங்கள். அவல், பொட்டுக்கடலை, வெல்லம் மூன்றும் அடுப்பு எரியாத நாளுக்கு உதவும். குடிநீரைக் கொதிக்க வைத்துக் குடியுங்கள்.

ஓர் எச்சரிக்கை. வற்றல், ஊறுகாய், கருவாடு எல்லாவற்றிலும் உப்பு அதிகம். நாளைக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்பே போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் இவற்றைத் தொட்டுக் கொள்ளும் அளவோடு நிறுத்துவது நல்லது.

சுவரில் ஒரு தாள்

கிழித்த தினசரிக் காலண்டர்த் தாளின் பின்புறம் வெற்றாகத்தானே இருக்கிறது? அதில் வீட்டு இருப்பை எழுதுங்கள். பொருள், அளவு, வாங்கிய தேதி. மூன்றே மூன்று. பள்ளிக்குப் போகும் பிள்ளை எழுதட்டும். அதற்குக் கணக்கும் வரும், வீட்டு நிலையும் தெரியும். பழையதை முதலில் எடுங்கள், புதியதைப் பின்னால் வையுங்கள்.

இது பெண்களின் வேலை மட்டும் அல்ல. மூட்டையை ஆண்கள் தூக்கலாம். மாடியில் காயும் வடகத்துக்குத் தாத்தா காவல் இருக்கலாம். ஐந்து பேர் சாப்பிடும் வீட்டில் ஐந்து பேருக்கும் பங்கு உண்டு.

கார்த்திகைக்குப் பின் மழை இல்லை என்பது பெரியோர் வாக்கு. மார்கழியில், டிசம்பர் 31 இரவு, திருத்தணி மலையில் படித்திருவிழா நடக்கும். ஒவ்வொரு படிக்கும் பூசை செய்து, பாடிக்கொண்டே மக்கள் ஏறுவார்கள்.

அன்றைக்கு உங்கள் வீட்டு வற்றல் டப்பா காலியாக இருக்கட்டும். கடைக்காரர் நோட்டில் உங்கள் பெயருக்கு எதிரே பாக்கி இல்லாமல் இருக்கட்டும். மழைக்காலம் நல்லபடியாகக் கழிந்தது என்பதற்கு அதுவே அடையாளம்!