மேகம் மூடினால் பதர் ஏன் கூடுகிறது? நெல் இலைக்குள் நடக்கும் பகல் நேரச் சமையல்!

வாலாஜாபாத்திலிருந்து எந்தச் சாலையில் திரும்பினாலும் சிறிது நேரத்தில் நெல் வயல் கண்ணில் படும். ஊருக்குத் தெற்கே பாலாறு. வடக்கே தென்னேரி. ஆற்றைத் தாண்டிப் போனால் உத்திரமேரூர் ஏரி. ஏரியைப் பராமரிக்க 'ஏரி வாரியம்' என்று தனிக் குழுவே வைத்திருந்ததை உத்திரமேரூர்க் கல்வெட்டில் சோழர் காலத்திலேயே பொறித்துவைத்த மண் இது.

காஞ்சிபுரம் மாவட்டத்தில் நெல்லுக்கு மூன்று பட்டம். சித்திரை, வைகாசியில் தொடங்குவது சொர்ணவாரி. ஆடி, ஆவணியில் தொடங்குவது சம்பா. வடகிழக்குப் பருவமழையில் ஏரிகள் நிறைந்த பிறகு, மார்கழி, தையில் தொடங்குவது நவரை.

இதில் சம்பாவுக்கு ஒரு சிக்கல் உண்டு. கதிர் வெளிவந்து பால் பிடிக்கும் நேரமும், ஐப்பசி, கார்த்திகை அடைமழையும் பல ஆண்டுகளில் ஒன்றாக வந்துவிடும். வயலில் தண்ணீருக்குப் பஞ்சமே இருக்காது. ஆனாலும் வானம் நாள்கணக்கில் மூடிக்கிடந்தால் விவசாயிக்குக் கவலை வந்துவிடும். அறுத்து, அடித்து, தூற்றும்போது நெல்லோடு பதரும் கூடுதலாகப் பறக்கும்.

தண்ணீர் இருக்கிறது, உரம் போட்டாயிற்று. அப்புறம் ஏன் மணி பிடிக்கவில்லை? பள்ளியில் 'ஒளிச்சேர்க்கை' என்று இரண்டு மதிப்பெண்ணுக்குப் படித்துவிட்டு மறந்த பாடத்தில்தான் இதற்கான விடை இருக்கிறது.

அரிசி வருவது மண்ணிலிருந்து அல்ல!

செடி மண்ணைச் சாப்பிட்டுத்தான் வளர்கிறது என்று நெடுங்காலம் மனிதர்கள் நம்பினார்கள். 17-ம் நூற்றாண்டில் வான் ஹெல்மான்ட் என்பவர் இதைச் சோதித்துப் பார்த்தார். தொட்டியில் மண்ணை எடைபோட்டு நிரப்பி, ஒரு வில்லோ மரக்கன்றை நட்டு, 5 ஆண்டுகள் தண்ணீர் மட்டும் ஊற்றினார். மரத்தின் எடை சுமார் 74 கிலோ கூடியிருந்தது. மண்ணில் குறைந்ததோ 60 கிராம்கூட இல்லை.

அப்படியென்றால் அந்த 74 கிலோ எங்கிருந்து வந்தது? தண்ணீரிலிருந்து என்று அவர் நினைத்தார். அது பாதி உண்மைதான். மீதியைக் காற்று கொடுத்திருந்தது. 1779-ல் யான் இங்கன்ஹவுஸ் என்ற டச்சு மருத்துவர், செடியின் பச்சைப் பாகம் வெயிலில் இருக்கும்போது மட்டுமே ஆக்சிஜனை வெளியிடுகிறது என்று காட்டினார். அதன் பிறகுதான் படம் தெளிவாகத் தொடங்கியது.

கணக்கு இதுதான். 1 கிலோ சர்க்கரை (குளுக்கோஸ்) தயாரிக்க ஒரு செடி சுமார் 1.47 கிலோ கார்பன் டை ஆக்சைடையும் 600 கிராம் தண்ணீரையும் செலவழிக்கிறது. மிச்சமாக 1 கிலோவுக்குச் சற்று அதிகமான ஆக்சிஜனை வெளியே விடுகிறது. அந்தச் சர்க்கரைதான் மாவுச்சத்தாக மாறி நெல்மணிக்குள் போய் அமர்கிறது. நாம் உண்ணும் சோற்றின் பெரும்பகுதி, ஒரு காலத்தில் வயலுக்கு மேலே வீசிய காற்றும் வேர் உறிஞ்சிய தண்ணீரும்தான்.

காற்றில் கார்பன் டை ஆக்சைடு இருப்பது வெறும் 0.04 சதவிகிதம். அதைப் பொறுக்கி எடுத்துச் சோறாக்குவது சாதாரண வேலை இல்லை.

இலைக்குள் ஒரு சமையலறை

நெல் இலையை மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் சின்னச் சின்ன அறைகளாகச் செல்கள் தெரியும். ஒவ்வொரு செல்லுக்குள்ளும் பச்சை நிறத்தில் பல மணிகள் இருக்கும். அவைதான் பசுங்கணிகங்கள். அவற்றுக்குள் பச்சையம் இருக்கிறது. வெயிலில் உள்ள சிவப்பு, நீல ஒளியை அது அதிகமாக உறிஞ்சிக்கொள்கிறது. பச்சை ஒளியை அந்த அளவுக்கு எடுத்துக்கொள்வதில்லை. அது திரும்பி வந்து நம் கண்ணில் படுவதால்தான் வயல் பச்சையாகத் தெரிகிறது.

பசுங்கணிகத்தில் வேலை இரண்டு கட்டமாக நடக்கிறது.

முதல் கட்டம், வெயிலைப் பிடிப்பது. பசுங்கணிகத்துக்குள் இட்லித் தட்டுகளை அடுக்கியதுபோல மெல்லிய தட்டுகள் இருக்கின்றன. 'தைலகாய்டு' என்று பெயர். ஒளி இவற்றின் மேல் விழுந்ததும் தண்ணீர் மூலக்கூறு உடைகிறது. அதிலிருந்து ஆக்சிஜன் வெளியேறுகிறது. நாம் சுவாசிக்கும் ஆக்சிஜன் இப்படித் தண்ணீரிலிருந்து வருவதுதான். கிடைத்த ஆற்றலைச் செடி 'ஏடிபி', 'என்ஏடிபிஹெச்' என்ற இரண்டு மூலக்கூறுகளில் சேமிக்கிறது. சார்ஜ் ஏற்றிய பேட்டரிகள் என்று வைத்துக்கொள்ளலாம்.

இரண்டாம் கட்டம், சமையல். தட்டுகளைச் சுற்றியுள்ள 'ஸ்ட்ரோமா' என்ற பகுதியில் இது நடக்கிறது. 'ரூபிஸ்கோ' என்ற நொதி காற்றிலிருந்து வந்த கார்பன் டை ஆக்சைடைப் பிடித்துக் கொடுக்க, முதல் கட்டத்தில் ஏற்றிய பேட்டரிகளின் ஆற்றலில் சர்க்கரை தயாராகிறது. இந்தச் சுழற்சியைக் கண்டறிந்த குழுவை வழிநடத்திய மெல்வின் கால்வினுக்கு 1961-ல் வேதியியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது.

இந்தப் பேட்டரிகளைப் பெரிய அளவில் சேமித்துவைக்க முடியாது. ஒளி குறைந்தால் சார்ஜ் குறையும். சார்ஜ் குறைந்தால் சமையலும் குறையும். மேகம் மூடிய நாளில் நெல் இலைக்கு நேர்வது இதுதான்.

பால் பிடிக்கும் நேரம் ஏன் முக்கியம்?

நெல்மணிக்குள் சேரும் மாவுச்சத்தில் ஒரு பங்கு, கதிர் வருவதற்கு முன்பே தண்டில் சேமித்து வைத்தது. பெரும்பங்கு, கதிர் வந்த பிறகு மேல் இலைகள் அன்றாடம் தயாரித்து அனுப்புவது. குறிப்பாகக் கதிரை ஒட்டி நிற்கும் 'கண்ணாடி இலை'யும் அதற்குக் கீழே உள்ள ஓரிரு இலைகளும்தான் அந்தக் குடும்பத்துக்கே சம்பாதித்துப் போடுகின்றன.

அந்தச் சில வாரங்களில் வெயில் கிடைக்காவிட்டால், கதிரில் மணிகளின் எண்ணிக்கை இருக்கும், உள்ளே பால் ஏறாது. கடைசியில் அது பதராகிவிடும். நவரைப் பட்டத்துக்கு மாசி, பங்குனி வெயில் தெளிவாகக் கிடைக்கிறது. தண்ணீர் மட்டும் கடைசிவரை நின்றால், மணி பிடிப்பதற்கு ஏற்ற காலம் அது.

தண்ணீர் நிற்காவிட்டால்? இலையின் மேல் உள்ள நுண்ணிய இலைத்துளைகள் வழியாகத்தான் கார்பன் டை ஆக்சைடு உள்ளே வருகிறது. அதே வழியாகத்தான் நீராவி வெளியே போகிறது. வேரில் ஈரம் குறைந்தால், இருக்கும் நீரைக் காப்பாற்றச் செடி அந்தத் துளைகளை மூடிக்கொள்ளும். கதவைச் சாத்தினால் காற்றும் உள்ளே வராது. வெயில் கொளுத்தினாலும் சமையல் நடக்காது. ஏரியில் நீர் இருப்பதும் வானில் வெயில் இருப்பதும் ஒரே நேரத்தில் அமைய வேண்டும்.

இதை வீட்டிலேயே பார்க்கலாம். முற்றத்துப் புல்லின் மேல் ஒரு செங்கல்லை ஒரு வாரம் வைத்து எடுத்துப் பாருங்கள். சுற்றிலும் பச்சை, செங்கல் இருந்த இடம் மட்டும் வெளிறி மஞ்சளாகியிருக்கும். குழந்தைகளுக்குப் பாடப்புத்தகத்தைவிட இது நன்றாகப் புரியும்.

இலையின் நிறம் சொல்லும் கணக்கு

பச்சையத்திலும் ரூபிஸ்கோவிலும் தழைச்சத்து இருக்கிறது. இலையில் உள்ள தழைச்சத்தில் பெரும்பகுதி பசுங்கணிகங்களில்தான் இருக்கிறது. அதனால் தழைச்சத்து குறைந்தால் இலை வெளிறும், சமையலும் மந்தமாகும். அதற்காக யூரியாவை அள்ளிப் போட்டால் புகையானும் குலை நோயும் தேடி வரும், பயிரும் சாயும்.

இந்த இரண்டுக்கும் நடுவே நிற்க உதவுவதுதான் இலை வண்ண அட்டை. வெளிர்பச்சையிலிருந்து அடர்பச்சை வரை பட்டைகள் கொண்ட சிறிய அட்டை. நட்ட 14-ம் நாளிலிருந்து வாரம் ஒரு முறை, முழுதாக விரிந்த இளம் இலையின் நடுப்பகுதியை அட்டையோடு ஒப்பிட வேண்டும். வெயில் நேரடியாக விழாமல் உடம்பின் நிழலில் வைத்துப் பார்க்க வேண்டும். 10 இலைகளில் 6 இலைகள் குறிப்பிட்ட எண்ணுக்குக் கீழே இருந்தால் மட்டும் தழைச்சத்து இட வேண்டும். வெள்ளைப் பொன்னிக்கு அந்த எண் 3, மற்ற ரகங்களுக்கு 4. பச்சையத்தை அளந்து உரம் போடும் எளிய வழி இது.

செம்மை நெல் சாகுபடியில் 25 சென்டிமீட்டர் இடைவெளியில் சதுரமாக நடுவதிலும் இதே விஷயம் இருக்கிறது. நெருக்கி நட்டால் கீழ் இலைகள் நிழலில் கிடக்கும். அவை உண்ணும், ஆனால் சம்பாதிக்காது. இடைவெளி விட்டால் அவற்றுக்கும் வெளிச்சம் போகும்.

கோரை ஏன் முந்துகிறது?

ரூபிஸ்கோவுக்கு ஒரு குறை உண்டு. விநாடிக்குச் சில மூலக்கூறுகளை மட்டுமே பிடிக்கும் மந்தமான நொதி அது. அதோடு, சில நேரம் கார்பன் டை ஆக்சைடு என்று நினைத்து ஆக்சிஜனைப் பிடித்துவிடும். வெயில் ஏற ஏற இந்தத் தவறும் கூடும். அதைச் சரிசெய்ய நெல் தன் உழைப்பில் கணிசமான பங்கை இழக்கிறது.

கரும்பு, மக்காச்சோளம், கேழ்வரகு, கம்பு போன்றவை இதற்கு வழி கண்டுபிடித்துவிட்டன. கார்பன் டை ஆக்சைடை ஓர் அறையில் பிடித்து, இன்னொரு அறைக்குத் தள்ளி, அங்கே செறிவாக வைத்து ரூபிஸ்கோவிடம் கொடுக்கின்றன. அதனால் தவறு நடக்க வாய்ப்பு மிகக் குறைவு. இதற்கு 'சி4' முறை என்று பெயர். 1966-ல் கரும்பை ஆராய்ந்து இதை விளக்கியவர்கள் ஹாட்ச், ஸ்லாக் என்ற இருவர். நெல் இன்னும் பழைய 'சி3' முறைதான். வயலில் களையாக வரும் கோரை 'சி4' வகை. நல்ல வெயிலில் கோரை நெல்லை முந்திக்கொண்டு வளர்வதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

நெல்லையும் 'சி4' ஆக்க முடியுமா என்று பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையமும் பல பல்கலைக்கழகங்களும் சேர்ந்து 2008-ல் முயலத் தொடங்கின. இலையின் உள்ளமைப்பையே மாற்ற வேண்டும் என்பதால் இது எளிதான வேலை அல்ல.

பகலில் சேர்த்ததை இரவு தின்றால்?

செடியும் சுவாசிக்கிறது. பகலில் சேர்த்த சர்க்கரையில் ஒரு பங்கை இரவில் எரித்துத்தான் அது உயிர் வாழ்கிறது. இரவு சூடாக இருந்தால் இந்தச் செலவு கூடும்.

அதே நெல் ஆராய்ச்சி நிலையத்தின் வயல்களில் கிடைத்த விளைச்சலையும் 1979 முதல் 2003 வரையிலான வெப்பநிலையையும் ஒப்பிட்ட ஆய்வு 2004-ல் வெளியானது. கோடைப் பருவ நெல்லில், இரவின் குறைந்தபட்ச வெப்பநிலை 1 டிகிரி செல்சியஸ் கூடினால் விளைச்சல் சுமார் 10 சதவிகிதம் குறைவதை அது காட்டியது. பகல் வெயிலைப் பற்றி மட்டுமே யோசித்த நமக்கு இது ஓர் எச்சரிக்கை. நவரைக்கு வெயில் வரம்தான். ஆனால் மாசி, பங்குனி இரவுகள் புழுங்கத் தொடங்கினால், பகல் சம்பாத்தியத்தில் ஒரு பகுதி விடிவதற்குள் கரைந்துவிடும்.

மேகத்தை விலக்கவோ இரவைக் குளிர்விக்கவோ விவசாயியால் முடியாது. நடவு நாளைக் கொஞ்சம் முன்பின் மாற்றலாம். ரகத்தின் வயதைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கலாம். இடைவெளி விடலாம். இலையின் நிறம் பார்த்து உரம் போடலாம். ஏரி நீரைக் கதிர் முற்றும் வரை நீட்டிக்கலாம். இவை எல்லாமே, கண்ணாடி இலைக்கு அந்தச் சில வாரங்கள் வெயிலும் நீரும் தடையில்லாமல் கிடைக்கச் செய்யும் வழிகள்தான்.

அடுத்த முறை தட்டில் சோறு மிச்சம் வைக்கும் பிள்ளைகளிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். விவசாயியின் உழைப்போடு, ஒரு நெல் இலையின் பல நாள் உழைப்பும் அதில் இருக்கிறது.