நவம்பர் 23: தேதியும் பருவமும்

பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் இடையே கிடக்கும் குன்னம், வருவாய்த் துறையின் கணக்கில் பெரம்பலூர் மாவட்டத்து வட்டமாகவும், சட்டமன்றத் தொகுதியாக எண்ணும்போது இரண்டு மாவட்டங்களிலும் கால் வைத்திருக்கும் நிலப்பரப்பாகவும் விளங்குகிறது. இந்த இரட்டை நிலைக்குக் காரணமான தேதி ஒன்றுண்டு. 1995ஆம் ஆண்டு திருச்சிராப்பள்ளியிலிருந்து பிரிந்த பெரம்பலூர் மாவட்டத்திலிருந்து 2001இல் ஒருமுறை தனியே விலகி, மறு ஆண்டே தாய் மாவட்டத்தோடு மீண்டும் சேர்ந்துவிட்ட அரியலூர், இரண்டாம் முறையாகவும் நிலையாகவும் தனி மாவட்டமாக இயங்கத் தொடங்கியது 2007ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாளில். சர்க்கார் உத்தரவில் அந்தத் தேதியைக் குறித்தவர்கள் நினைத்துப் பார்த்தார்களோ இல்லையோ, அரியலூர் என்ற பெயரை நாடு முழுவதும் அறியச் செய்த துயரமும் அதே நவம்பர் 23ஆம் நாளில், அதற்கு 51 ஆண்டுகளுக்கு முன், நிகழ்ந்ததாகும்.

துன்முகி வருஷம், கார்த்திகை மாதத்தின் தொடக்கம். சென்னையிலிருந்து இரவில் புறப்பட்டுத் தூத்துக்குடியை நோக்கிப் போய்க்கொண்டிருந்த எக்ஸ்பிரஸ் வண்டி, 1956 நவம்பர் 23ஆம் நாள் விடியற்காலையில், பிரயாணிகள் பெரும்பாலோர் உறக்கத்தில் இருந்த வேளையில், அரியலூரைத் தாண்டிக் கல்லகத்தை நோக்கிச் செல்லுகையில், வெள்ளத்தால் அரிக்கப்பட்டுப் பலமிழந்திருந்த மருதையாற்றுப் பாலத்தில் விபத்துக்குள்ளாக, நீராவி இஞ்சினும் அதை அடுத்திருந்த பெட்டிகளும் பிரவாகத்தில் விழுந்தன. நூற்றுக்கு மேற்பட்டவர்கள் மாண்டனர். அவ்வாண்டிலேயே சில மாதங்களுக்கு முன் மகபூப்நகரில் நேர்ந்த ரயில் விபத்துக்குப் பொறுப்பேற்று ராஜினாமாக் கடிதம் கொடுத்து, அது ஏற்கப்படாமையால் பதவியில் தொடர்ந்த ரயில்வே மந்திரி லால் பகதூர் சாஸ்திரி, அரியலூருக்குப் பின் மீண்டும் விலக முன்வந்தபோது பிரதமர் நேரு அதை ஏற்றுக்கொண்டார். அரசியல் ஒழுக்கத்துக்கு உதாரணமாக இன்றளவும் மேடைகளில் எடுத்துச் சொல்லப்படும் நிகழ்ச்சி அது. சொல்பவர்களில் மிகப் பலர் மருதையாற்றின் பெயரைச் சொல்வதில்லை என்பதையும் குறிப்பிட வேண்டும்.

ஒரே தேதியில் ஒரு பேரழிவும் ஒரு மாவட்டத்தின் பிறப்பும். போதாக்குறைக்கு இரண்டும் வெள்ளிக்கிழமை. சகுனம் பார்ப்பவர்களுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? முதலில் கிழமையின் மர்மத்தைத் தீர்த்துவிடலாம். அதற்குக் கூட்டல் கணக்கே போதும். சாதாரண ஆண்டின் 365 நாட்களை ஏழால் வகுத்தால் மீதி ஒன்று; ஆகவே ஒவ்வோர் ஆண்டும் ஒரு தேதியின் கிழமை ஒரு நாள் முன்னேறுகிறது. லீப் ஆண்டின் பிப்ரவரி 29 குறுக்கிட்டால் இரண்டு நாள் முன்னேறும். 1956க்கும் 2007க்கும் இடையே கடந்த ஆண்டுகள் 51. இடையில் வந்த பிப்ரவரி 29கள், 1960 முதல் 2004 வரை, 12. இரண்டையும் கூட்ட 63. அது ஏழால் மீதியின்றி வகுபடும். வெள்ளி வெள்ளியாகவே வந்து நின்றதன் காரணம் இவ்வளவுதான்.

தேதி ஒன்றாக அமைந்ததற்குச் சற்று விரிவான கணிதம் தேவை. 23 பேர் கூடிய ஓர் அறையில் எவரேனும் இருவரின் பிறந்த நாள் ஒன்றாக இருப்பதற்கு எவ்வளவு வாய்ப்பு என்று கேட்டால், ஆண்டில் 365 நாட்கள் இருக்க ஆட்களோ 23 பேர்தானே என்று எண்ணி, நூற்றுக்கு ஐந்தோ ஆறோ என்று மதிப்பிடுபவர்களே அதிகம். உண்மை விடை நூற்றுக்கு 50.7, அதாவது பாதிக்கும் சற்று மேல். முதலாமவர் எந்த நாளில் வேண்டுமானாலும் பிறந்திருக்கலாம். இரண்டாமவர் அந்த நாளைத் தவிர்க்க 365இல் 364 வாய்ப்பு. மூன்றாமவர் அவ்விரு நாட்களையும் தவிர்க்க 363. இவ்விதம் 23ஆம் ஆள் வரையில் பெருக்கிக்கொண்டே போனால், எவருடைய நாளும் எவருடைய நாளோடும் மோதாமல் தப்பும் வாய்ப்பு பாதிக்குக் கீழே இறங்கிவிடுகிறது. நம் மனம் ஏமாறுவதற்குக் காரணம், நாம் ஆட்களை எண்ணுகிறோமே தவிர ஜோடிகளை எண்ணுவதில்லை. 23 பேரிலிருந்து அமைக்கக்கூடிய ஜோடிகள் 253. ஒவ்வொரு ஜோடியும் ஒரு தனிச் சந்தர்ப்பம். 57 பேர் சேர்ந்துவிட்டால் வாய்ப்பு 99 சதவீதத்தை எட்டிவிடும்.

இந்தக் கணக்கைக் குன்னம் வட்டாரத்தின் சரித்திரத்தில் பொருத்திப் பார்க்கலாம். வெள்ளம், விபத்து, தேர்தல், திறப்பு விழா, தாலுகா பிரிப்பு என்று தேதி உறுதியாகத் தெரிந்த 23 சம்பவங்களைத் தொகுத்தால், ஏதேனும் இரண்டு ஒரே தேதியில் விழுவதே விழாமல் இருப்பதைக் காட்டிலும் சாத்தியமானது. ஆனால் கேள்வியைச் சற்றே மாற்றி, குறிப்பாக நவம்பர் 23இலேயே ஒரு சம்பவம் விழ வேண்டும் என்று நிபந்தனை போட்டால், அதே பாதி வாய்ப்பை அடைய 253 சம்பவங்கள் வேண்டியிருக்கும். தேதி மகிமை பேசுபவர்கள், நிகழ்ந்து முடிந்த பிறகு இரண்டாம் கேள்வியைக் கேட்டு வியக்கிறார்கள். இயற்கை விடை கூறியிருப்பதோ முதற்கேள்விக்கு. இந்தப் புகழ்பெற்ற கணக்கிலும் 23 என்ற எண்ணே வந்து நிற்பதைக் கண்டு யாரேனும் புளகாங்கிதம் அடைந்தால், அதற்கும் இதே பதில்தான்.

உலகச் சரித்திரத்தைப் புரட்டினால் இந்த நாளில் இன்னும் எத்தனையோ அகப்படுகின்றன. புட்டபர்த்தி சாயிபாபா பிறந்தது 1926 நவம்பர் 23. காசு போட்டால் பாட்டுப் பாடும் பெட்டியை சான்பிரான்சிஸ்கோவின் மதுக்கடை ஒன்றில் முதன்முதலாக வைத்தது 1889 நவம்பர் 23. மாதத்தை முன்னும் தேதியைப் பின்னும் எழுதும் அமெரிக்க வழக்கப்படி 11, 23 என்று வருவதால், முந்தைய இரண்டைக் கூட்டினால் அடுத்தது கிடைக்கும் 1, 1, 2, 3 என்ற வரிசையின் பெயரால் இதைப் ‘ஃபிபொனாச்சி தினம்’ என்று கொண்டாடுகிறார்கள். தேதியை முன்னால் எழுதும் நமக்கு அந்தத் தினமே கிடையாது. ஃபிபொனாச்சி தம் நூலை எழுதிய 1202க்கு முன்பே, குறிப்பிட்ட மாத்திரை அளவுக்குள் குறிலையும் நெடிலையும் எத்தனை விதமாக அடுக்கலாம் என்று ஆராய்ந்த விரஹாங்கர், ஹேமசந்திரர் முதலிய நம் நாட்டு யாப்பு ஆசிரியர்கள் இவ்வரிசையைக் கண்டிருந்தனர் என்பதால், அந்த நஷ்டம் பெரிதன்று.

விஞ்ஞானிகளுக்கும் இந்த நாளில் இடமுண்டு. வயர்லெஸ் அலைகளைக் கல்கத்தாவில் சுவருக்கு அப்பால் செலுத்தி மணியடிக்கச் செய்தவரும், தாவரங்களின் நுண்ணிய அசைவுகளைப் பெரிதாக்கிக் காட்டும் கருவியை அமைத்தவருமான ஜகதீச சந்திர போஸ், தமது 79ஆம் பிறந்த நாளுக்கு ஒரு வாரமே இருக்கையில், 1937 நவம்பர் 23இல் காலமானார். மூலகங்களின் வரிசையெண் அணுக்கருவின் மின்னேற்றத்தைக் குறிப்பது என்று எக்ஸ் கதிர்களால் நிலைநாட்டி, 43, 61, 75 ஆகிய இடங்களில் இன்னும் காணப்படாத மூலகங்கள் இருந்தாக வேண்டும் என்று கூறிய ஹென்றி மோஸ்லி, 1887இல் இதே நாளில் பிறந்தவர். 27 வயதில் கலிப்பொலி யுத்தகளத்தில் குண்டுபட்டு மடிந்தார். அவருக்கு 50 ஆண்டுகள் முன்பு, 1837 நவம்பர் 23இல், ஹாலந்து தேசத்து லெய்டன் நகரில் பிறந்தவர் வான் டெர் வால்ஸ். நடுநிலையான மூலக்கூறுகளும் மிக அருகே நெருங்கும்போது ஒன்றையொன்று மெல்ல இழுத்துக்கொள்கின்றன என்ற அவருடைய கருத்து 1910இல் நோபல் பரிசைப் பெற்றுத் தந்தது. நம் வீட்டுச் சுவரில் தலைகீழாக ஓடும் பல்லியின் விரலடியில் பசை கிடையாது, உறிஞ்சும் கிண்ணமும் கிடையாது. எண்ணற்ற நுண்மயிர்கள் சுவரோடு நெருங்கிப் படிவதால் எழும் இந்த மெல்லிய இழுவிசைகளின் திரட்சியே அதைத் தாங்குகிறது. பஞ்சாங்கத்தின் பல்லி விழும் பலனைப் படிப்பவர்கள், பல்லி ஏன் பெரும்பாலும் விழுவதில்லை என்பதையும் அறிந்துகொள்வது நல்லது.

இவையாவும் ஒரே தேதியில் அமைந்தது யதேச்சை. ஆனால் மேலே சொன்ன பட்டியலில் ஒன்றே ஒன்றை யதேச்சை என்று ஒதுக்க முடியாது. மாவட்டத்தை ஜூலையில் பிரித்திருக்கலாம். மோஸ்லி மே மாதத்தில் பிறந்திருக்கலாம். மருதையாறு அவ்வாறு பெருகுவதற்கு ஐப்பசியும் கார்த்திகையும் வேண்டும்.

தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதியைத் தரும் வடகிழக்குப் பருவமழை, வங்கக்கடலில் உருவாகும் தாழ்வுமண்டலங்களோடு சேர்ந்து உக்கிரமடைவது அக்டோபர் பிற்பகுதி முதல் டிசம்பர் வரையில். பச்சைமலையில் பிறந்து, பெரம்பலூர், அரியலூர்ப் பகுதிகளின் வழியே ஓடிக் கொள்ளிடத்தில் சேரும் மருதையாறு, ஆண்டின் பெரும்பகுதி மணல் தெரியக் கிடக்கும் குறுகிய நதி; மலையில் பெய்த பெருமழை சில மணி நேரத்தில் சமவெளிக்கு வந்து சேர்ந்துவிடும். இவ்வட்டாரத்துக் கரிசலோ கோடையில் கை நுழையும் அளவு வெடித்துக் கிடந்து, முதல் மழைகளை எல்லாம் குடித்து, பிறகு உப்பி வெடிப்புகளை மூடிக்கொண்டு, அதன் மேல் பெய்வதை மிக மெதுவாகவே உள்ளே விடுவது. ஐப்பசி மழையில் நிலம் நிறைந்த பின் கார்த்திகையில் வரும் கனமழை பெரும்பாலும் ஓடைக்கே போகிறது.

அந்த வெள்ளம் பாலத்தை நேரே மோதித் தள்ளுவதைவிட, அடியைத் தோண்டிச் சாய்ப்பதே அதிகம். ஓடும் நீர் தூணில் மோதியதும் ஒரு பகுதி கீழ்நோக்கித் திரும்பி, தூணின் அடியைச் சுற்றிக் குதிரை லாட வடிவில் சுழன்று மணலை வாரி எடுக்கிறது. நீரின் வேகம் இரட்டித்தால் அதன் மோதுவிசை நான்கு மடங்காகிறது. அது அள்ளிச் செல்லும் மண்ணோ அதற்கும் மேலே பெருகுகிறது. ஓரத் தாங்கு சுவருக்குப் பின்னால் கொட்டிக் கெட்டித்த மண்கரையில் நீர் ஊறிவிட்டால், அது தன் பிடிப்பை இழந்து கரைந்துபோக, மேலே தண்டவாளம் மட்டும் தொங்கிக்கொண்டிருக்கும். இருட்டில் வரும் டிரைவருக்கு விளக்கொளியில் தெரிவது தண்டவாளம். அதன் கீழே மண் இருக்கிறதா என்பது தெரியாது. வெள்ளம் வடிந்ததும் தோண்டிய குழியை வண்டலே மூடிவிடுவதால், மறுநாள் பார்ப்பவருக்கும் அடித்தளம் எவ்வளவு ஆழம் வெறுமையாக நின்றது என்பது புலப்படாமற் போகும்.

தேதியைவிடப் பருவமே ஆழமாகப் பதிவது என்பதற்கு இந்த மண்ணே சாட்சி. காரை ஊரையொட்டிய வெட்டவெளியில் மழை அரித்த களிமண் மேடுகளில் சுருள் சுருளான அம்மோனைட்டுகள் கிடக்கின்றன. சாத்தனூரில் 18 மீட்டர் நீளமுள்ள, சுமார் 12 கோடி ஆண்டுப் பழமையுடைய மரம் கல்லாகிக் கிடக்கிறது. 1940இல் அதை உலகுக்கு அறிவித்தவர் நிலவியலறிஞர் எம்.எஸ். கிருஷ்ணன். அரியலூர்ப் பக்கத்துப் பாறைகளோ டைனோசர்களின் இறுதிக் காலத்தையும் அதற்கு அடுத்த யுகத்தையும் ஒன்றன்மேல் ஒன்றாகத் தாங்கி நிற்பவை. 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் மெக்சிகோ ஓரத்தில் விண்கல் விழுந்த நாள் எது என்று எந்தப் பாறையும் சொல்லாது. ஆனால் அந்த அதிர்ச்சியிலேயே இறந்து வட அமெரிக்காவில் புதையுண்ட மீன்களின் எலும்பு வளர்ச்சிக் கோடுகளை ஆராய்ந்தவர்கள், அது வடபாதி உலகத்தின் இளவேனிற் காலம் என்று 2022இல் தெரிவித்தார்கள். ஆறு கோடி ஆண்டுகளுக்கு அப்பாலும் பருவம் மிஞ்சியிருக்கிறது.

ஜப்பானியர் நவம்பர் 23ஐ உழைப்புக்கு நன்றி கூறும் பொது விடுமுறையாகக் கொண்டாடுவதன் பின்னணியில்கூட, புதிய நெல்லைத் தெய்வத்துக்குப் படைக்கும் புராதனச் சடங்கே இருக்கிறது. அறுவடைதான் முதலில், அதைத் தேதியில் கட்டியது பின்னால். நம்முடைய அரியலூர் நினைவையும் அவ்விதம் திருத்திக்கொள்ளலாம் என்பது என் அபிப்பிராயம். நவம்பர் 23இல் ஒரு நாள் மட்டும் நினைப்பதைக் காட்டிலும், ஐப்பசி பிறந்தது முதல் மார்கழி வரை விழித்திருப்பது பொருத்தம். ரயில்வேயின் பாலத் தூண்களில் வெள்ளத்தின் அபாய மட்டம் வர்ணத்தால் குறிக்கப்பட்டிருக்கும். மழைக்காலத்தில் இரவு ரோந்து போகும் ஊழியர்கள் அதைக் கவனித்துத் தகவல் தருவார்கள். ஆனால் ஆற்றோரத்துக் கொல்லையில் மக்காச்சோளத்துக்குக் காவலிருப்பவர், ரோந்துக்காரர் வருவதற்கு முன்பே கரை சரிவதைக் கண்டுவிடக்கூடும். அப்படிக் கண்டால், தண்டவாளத்தின் அடியிலிருந்து ஒரு கூடை மண் கரைந்தாலும் சரி, விடியட்டும் என்று காத்திராமல், அருகிலுள்ள கேட்கீப்பரிடமோ ஸ்டேஷன் மாஸ்டரிடமோ உடனே சொல்லிவிடுங்கள்.